தலையில் தூக்கிப் போன படகு

எங்கள் படகை எட்டுப் பேர் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் வாவிக்குள் இறால் தடவிக்கொண்டிருந்தேன். இறால் தடவ வலை வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் கழுத்து நனையக் குந்தி, சேற்றுக்குள் இரண்டு கையையும் மெல்ல ஊரவிட்டு, விரலில் தட்டுப்படுவதைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறிக்குள் போடவேண்டும். பறி என்பது சின்ன ஓலைக்கூடை. அது வாயில் இருக்கும்வரை பேச முடியாது. அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் அந்த எட்டுப் பேரின் ஏழு தலைமுறையையும் கரையில் வைத்தே நாறடித்திருப்பேன்.

சண்டை முடிந்த வருடம் அது. வாகரைக்கு இந்தப் பக்கம், வாவிக் கரையில், கடற்படை ஒரு முகாம் போட்டிருந்தது. பொறுக்கி எடுத்த ஆட்களை இன்னும் பொறுக்கி, கடலுக்கு அடியாலும் காட்டுக்குள்ளாலும் போய் அடிக்கிற விசேட படைக்கு ஆள் தயாரிக்கிற இடம். கையைப் பின்னால் கட்டிவிட்டு நீந்த விடுவார்கள். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை தண்ணீருக்குள் அசையாமல் நிற்க வைப்பார்கள். நடுங்கியவனுக்கும் பின்தங்கியவனுக்கும் தண்டனை உண்டு: படகுக்குள் மண் நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு கரை நெடுக ஓடவேண்டும். பலர் பாதியிலேயே பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். தண்ணீருக்குள் அரை நாள் அசையாமல் நின்றால் அவர்களுக்குச் சட்டையில் குத்த ஒரு சின்னம் கிடைக்கும். நாங்கள் பெண்கள் முழுநாளும் நிற்கிறோம். எங்களுக்குக் கிடைப்பது தடிமனும் சளியும் சேற்றுப் புண்ணும்.

அவர்களுடைய றப்பர் படகுகள் நல்ல மரியாதையாகக் கொட்டிலுக்குள் இருந்தன. தண்டனைக்கென்று வைத்திருந்தது ஒரு பைபர் படகு. கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அன்றைக்கு மண் நிரப்பாமல் கவிழ்த்துத் தூக்கியதால் அடிப்பக்கம் மேலே தெரிந்தது. அதிலே அப்பம் ஒன்றை ஒட்டிவைத்தது போல ஒரு பொம்மல். அந்தப் பொம்மலை நான் எங்கே கண்டாலும் தெரிந்துகொள்வேன். படகு கல்லில் அடிபட்டு ஓட்டையானபோது தம்பி தானே பசை குழைத்து ஒட்டினான். கொஞ்சமாகப் பூசச் சொன்னேன், கேட்கவில்லை. மிச்சத்தை எல்லாம் அதன் மேலேயே கொட்டிவிட்டு, "இனி இந்த இடம் மட்டும் உடையாது" என்றான்.

சுனாமி எங்கள் அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோனது. நானும் தம்பியும்தான் மிச்சம். அடுத்த வருடம் நிவாரணத்தில் அவன் பெயரில் அந்தப் படகு விழுந்தது. நீலப் பெயின்ட் அடித்து, இருக்கைப் பலகைக்குக் கீழே சிவப்பில் தன் பெயரை எழுதினான். என் பெயரையும் எழுதச் சொன்னேன். "உனக்கு நீந்தவே தெரியா, உனக்கெதுக்குகா போட்டு?" என்றான். போட்டு என்றால் எங்கள் வாயில் படகு. உண்மைதான், எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது.

பிறகு பீரங்கிச் செல்லடி எங்கள் பக்கம் வந்தது. படகைக் கரையில் விட்டுவிட்டு, சனம் எல்லாம் மூட்டையோடு காட்டு வழியால் வெளிக்கிட்டபோது, பாதையில் நின்ற இயக்கத்து ஆட்கள் இளவட்டங்களை வரிசையிலிருந்து இழுத்தார்கள். தம்பியின் கையை நான் பிடித்திருந்தேன். பிடுங்கிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்து அவன் கத்தியது இதுதான்: "போட்டப் பாத்துக்ககா. நான் வாறன்."

அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பாதையால் போனால் ஒரு பிடி மண் அள்ளித் திட்டிவிட்டுத்தான் நடப்பேன். சண்டை முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: கடைசிக் கிழமை வடக்கே முல்லைத்தீவுக் கடற்கரையில் தம்பியைக் கண்டாராம். கடலால் தப்புவதற்குச் சிலர் வெறும் பிளாஸ்டிக் கலன்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்களாம், அவர்களோடு நின்றானாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது கரையில் இல்லாமல் போயிருந்த படகு அது. கண்ட அன்றே ஈரச் சேலையோடு முகாம் வாசலுக்குப் போனேன். அவர்கள் 'சேர்' என்று கூப்பிடுகிற, பயிற்சி கொடுக்கிறவன் வந்தான். நாற்பது வயதிருக்கும், கழுத்தே இல்லாத உடம்பு. அவன் சொன்ன சிங்களத்தை, பயிற்சிக்கு வந்திருந்த சிலாபத்து இளைஞன் ஒருவன் தமிழில் சொன்னான். சிலாபத்தில் மீன்பிடிக்கிற குடும்பங்கள் இரண்டு மொழியும் பேசும்; அவனுக்கும் தமிழ் நன்றாக வந்தது.

"போட்டு யாருட பேர்ல எண்டு கேக்கிறார்."

"என்ட தம்பிட பேர்ல."

"அப்ப தம்பிய அடையாள அட்டையோட வரச் சொல்றார்."

தம்பி எங்கே போனான் என்று சொன்னால் நாளைக்கே என் முற்றத்தில் ஜீப் நிற்கும். சொல்லாவிட்டால் படகு கிடையாது. கழுத்தில்லாதவன் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தான். சிலாபத்துக்காரன் தயங்கினான்.

"சொல்லுங்க" என்றேன்.

"பொம்புளைய அனுப்பிப்போட்டு நித்திரை கொள்றானா உன்ட தம்பி எண்டு கேக்கிறார், அக்கா."

அந்தக் கேள்வி எரிந்தது. சிலாபத்துக்காரன் 'அக்கா' என்றது அதைவிட எரிந்தது. தம்பி என்று திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் தண்ணீருக்குள் இருந்து பார்த்தேன். மண் நிரப்பிய என் தம்பியின் படகு ஆட்டம் ஆடிக்கொண்டு போகும். கைவிட்டால் தொப்பென்று விழும். விழுகிற சத்தம் என் முதுகில் விழும். அந்தக் கழுத்தில்லாதவனுக்கு என்னென்ன வரவேண்டும் என்று ஒவ்வொரு இறாலுக்கும் ஒவ்வொன்றாக நேர்ந்துகொண்டேன். கோயிலில் தேங்காயும் உடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாளுக்கு நாள் கொழுத்தான்.

ஒரு நாள் ஒளிந்திருக்கப் பழக்கினான். தலையிலும் தோளிலும் குழை செருகி, முகத்தில் சேறு பூசி, கரையோரக் கண்ணாக்காடு என்கிற அலையாத்திக் காட்டுக்குள் தண்ணீரோடு தண்ணீராக இருக்கவேண்டும். அவன் தோணியில் வந்து தேடுவான். எங்கள் பக்கத்தில் கண்ணா மரங்களை விறகுக்கு வெட்டி வெட்டி எல்லாரும் மொட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஒரு மரம் மட்டும் இலையும் குழையுமாகச் செழித்து நின்றது. அது தில்லை. அதிலே எங்கள் ஊரில் ஒருவரும் கத்தி வைக்கமாட்டார்கள். முறித்தால் வெள்ளையாய்ப் பால் வடியும்; தோலில் பட்டால் கொப்பளம், கண்ணில் பட்டால் குருடு. இரண்டு மூன்று நாளில் பார்வை திரும்பும். அதுவரை பட்டவருக்குத்தான் தெரியும்.

கழுத்தில்லாதவன் நேரே அதனிடம் போனான். செழிப்பைக் கண்டு மயங்கிவிட்டான். படபடவென்று கொப்புகளை முறித்து எல்லாருக்கும் கொடுத்தான். எப்படிச் செய்வதென்று காட்ட முதலில் தன் தலையில் செருகினான். பால் பட்ட கையாலேயே சேற்றை அள்ளி, நெற்றி, கன்னம், கண் மடல் எல்லாம் வழித்துப் பூசினான். மற்றவர்களும் அப்படியே பூசினார்கள்.

நான் கூப்பிடு தூரத்தில் இருந்தேன். சிலாபத்துக்காரன் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் ஒருதரம் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பறியை வாயிலிருந்து எடுத்து ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் எடுக்கவில்லை. பல்லை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அந்த நேரத்துக்குள் மூன்று இறால் அகப்பட்டது. நல்ல இறால்.

மறுநாள் மத்தியானம் என் கொட்டில் வாசலில் வந்து நின்றார்கள். கழுத்தில்லாதவனின் முகம் வெந்த பாகற்காய் போல இருந்தது. கண்ணில் ஈரத் துணி கட்டி, சிலாபத்துக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். சிலாபத்துக்காரனுக்கு ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

"அக்கா, இதுக்கு என்ன செய்றது? மேலிடத்துக்குச் சொன்னா இந்தமுறை பயிற்சியே நிண்டுபோகும். ஒரு செடி சேரை விழுத்திப்போட்டுதெண்டு சிரிப்பாங்க."

என் உள்ளம் குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், குளிர்ந்துதான் போயிற்று. அடுப்பில் இருந்த தேநீரை அவசரமில்லாமல் ஆறுதலாக வடித்துக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"மருந்து தெரியும். முதல்ல என்ட போட்டு வரட்டும்."

அவன் சிங்களத்தில் சீறினான். நான் இரண்டாவது தேநீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான். பிறகு அந்தப் படகு வந்தது. கொப்பளித்த முகமும் பாதிக் கண்ணுமாகத் தட்டுத் தடுமாறி, அதே ஆட்கள் தலையில் தூக்கிக்கொண்டு வந்து என் முற்றத்தில் இறக்கினார்கள். கறுப்புப் பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். நீலம் தெரிந்தது. பலகைக்குக் கீழே சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கழுத்தில்லாதவன் கேட்டான். சிலாபத்துக்காரன் குனிந்து தம்பியின் பெயரை வாசித்தான். கண்ணைக் கட்டியிருந்தவன் அந்தப் பெயரைத் தானும் ஒருதரம், மெல்ல, சொல்லிப் பார்த்தான்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தேங்காய் திருவி, முதல் பாலைப் பிழிந்து, அவனைக் குந்தவைத்து, கண் மடலைப் பிரித்து ஊற்றினேன். என் பெருவிரலுக்குக் கீழே அவனுடைய கண் துடித்தது. அழுத்தினால் என்ன என்றும் நினைத்தேன். எரிச்சலைத் தாங்க அவன் ஏதேதோ பேசினான். சிலாபத்துக்காரன் பாதி கவனமில்லாமல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இதவிட எரிச்சல் பாத்திருக்கிறாராம். சண்டைட கடைசிக் கிழமை முல்லைத்தீவுக் கடல்லதான் நிண்டவராம். வெறும் கலனப் பிடிச்சிக்கொண்டு மிதந்து வந்த ஆக்கள இந்தக் கையாலதான் தூக்கி ஏத்தினவராம். பேர் கேட்டுக் கேட்டு எழுதினவராம்."

"அசையாம இரிக்கச் சொல்லுங்க" என்றேன். மற்றக் கண்ணுக்கும் பாலை ஊற்றினேன். மூன்று நாளைக்கு வெயிலில் போகவேண்டாம், கசக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் படகைப் பார்த்தேன்.

அவர்கள் என் ஒழுங்கைப் பாதையைத் தாண்டிய பிறகு, தேங்காய்ப் பால் பட்ட துணியை அலசும்போதுதான் எனக்கு உறைத்தது: தம்பியும் கலன் கட்டியவர்களோடுதான் நின்றான். துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். முகாம் வாசலில் காவலுக்கு நின்றவன் விடவில்லை. சேருக்கு சுகமில்லை, நாளைக்கு வா என்றான். நாளைக்கும் போனேன். மறுகா அடுத்த நாளும் போனேன். நாலாம் நாள் போனபோது முகாமில் சமையல்காரர்கள் மட்டும் இருந்தார்கள். கடைசிச் சோதனைக்கு எல்லாரையும் வேறு கடலுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அடுத்த முறை பயிற்சிக்கு வேறு ஒருவன் வந்தான். பழைய சேர் எங்கே என்று கேட்டேன். எந்தச் சேர், பேர் என்ன என்று கேட்டார்கள். எனக்குப் பேர் தெரியாது. அவனுக்கு என் தம்பியின் பேர் தெரியும்.

தில்லையைப் பற்றி வாய் திறக்காததற்கு நான் வருந்தவில்லை. இன்றைக்கும் அவன் அதே மரத்தை முறித்தால் பறியை இறுக்கிக் கவ்விக்கொள்வேன். இந்த ஆத்திரம் முழுக்க இப்போது என்மேல்தான். அவன் ஏன் அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னான்? அன்றைக்குக் கடலில் கேட்டு எழுதிய பெயரா, சும்மா சொன்னதா? இத்தனை வருடமாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். படகு முற்றத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் நீலப் பெயின்ட் அடிக்கிறேன். தம்பி சொன்னபடி அதை நான் பார்த்துக்கொண்டேன். கண் தெரியாமல், என் விரலுக்குக் கீழே, எதைக் கேட்டாலும் கொடுக்கிற நிலையில் ஒருவன் குந்தியிருந்தான். நான் படகைக் கேட்டேன்.