இருபத்தைந்து பக்க எசென்குல்

நரின் என்ற மலை ஊரில் உள்ள எங்கள் விவசாயக் கல்லூரியில் எசென்குல் வாத்தியார், எங்கள் பேச்சில் எசென்குல் அகாய், முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தினார். நடத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த வேதியியல் வாத்தியார் நான்.

அத்தனை வருடத்தில் மாணவர்களுக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. “மேய்ச்சல் நிலங்களின் பன்முக முக்கியத்துவத்தை விரிவாக ஆராய்க. இருபத்தைந்து பக்கம்.” செப்டம்பரில் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையிலுள்ள சாக்பீஸ் தூளை ஊதுவார். டிசம்பரில் கட்டுரைகள் வந்து குவியும். ஒன்றையும் படிக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கனமானதற்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண், லேசானதற்கு மூன்று.

ஒருமுறை ஐசிரெக் என்ற பெண் எழுந்து கேட்டாள். அவள் அப்பா அட்பாஷி பக்கம் ஆடு மேய்ப்பவர்.

“அகாய், இதை யாருக்காக எழுதணும்?”

“எனக்காக எழுது.”

“உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே அகாய். தெரிஞ்சவருக்கே எதுக்குத் திரும்பச் சொல்லணும்?”

வகுப்பு சிரித்தது. “உனக்கு மார்க் வேணுமா, வாய் வேணுமா?” என்றார் அவர். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மார்க் வேண்டும் என்பவர்களுக்குக் கல்லூரி வாசலுக்கு எதிரே புரூல் என்ற பெண் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை இருந்தது. அவள் கணினியில் ஒரே கட்டுரைதான். முகப்பில் பெயரை மாற்றி, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவாள். இது எனக்குத் தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியும். எசென்குல் மட்டும், “இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொந்தமா யோசிக்கிறதே இல்ல” என்று தேநீர் இடைவேளையில் குறைப்பட்டுக்கொள்வார்.

அப்போதுதான் குல்சுனாய் துணை முதல்வராக வந்தாள். முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். “நீங்க குடுக்குற வேலையில பிள்ளைங்க என்ன செய்யணும், எதுக்குச் செய்யணும், யார் படிப்பாங்க, எதைப் பார்த்து மார்க் போடுவீங்க? இதை எழுதுங்க. கூடவே அந்த வேலையை நீங்களும் ஒருதடவை செஞ்சு குடுங்க.”

“நாங்களா?” என்றார் எசென்குல், யாரோ அவரைச் சாணி அள்ளச் சொன்னதுபோல.

“ஆமா அகாய். நீங்கதானே குடுக்குறீங்க?”

இரண்டு நாள் அவர் ஆசிரியர் அறையில் எழுத உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ‘மேய்ச்சல் நிலங்கள் மிகவும் முக்கியமானவை’ என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் நாள் ‘மிகவும்’ அடிபட்டு ‘மிக மிக’ ஆனது. மூன்றாம் நாள் அவர் ஆளைக் காணோம்.

நான் வினாத்தாள் நகலெடுக்கப் போனபோது புரூல் கடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புரூலுக்கு நாசூக்கு தெரியாது.

“அகாய், முகப்புல உங்க பேரே போடட்டுமா? ஸ்பைரல் நீலத்துலயா, பச்சையிலயா?”

குல்சுனாய் அதை முழுக்கப் படித்தாள். அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“அகாய், பதினாலாம் பக்கத்துல ‘தற்போது நடைபெற்றுவரும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில்’னு எழுதியிருக்கீங்க. சோவியத் போய் முப்பது வருஷம் ஆச்சே. எங்க நடக்குது அந்தத் திட்டம்?”

எசென்குல் காது சிவக்க ஜன்னலைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாள் இன்னும் காலியாக இருப்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன்.

அவள் அவரை விடவில்லை. புதிய கேள்வியை இருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியது அவள், உட்கார்ந்தது அவர். ‘ஐசிரெக்கின் அப்பா மேய்க்கும் சரிவுக்குப் போங்கள். பத்து இடங்களில் ஒரு சதுர மீட்டர் அளந்து, ஆடு தின்னும் செடி எவ்வளவு, தின்னாதது எவ்வளவு என்று எண்ணுங்கள். எத்தனை ஆடு, எந்தத் தேதிவரை மேயலாம் என்று அவருக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு சரியா, அவருக்குப் புரிகிறதா, இவற்றுக்கே மதிப்பெண்.’

மே மாதம் போனார்கள். பிள்ளைகள் முழங்காலிட்டுச் செடி எண்ணினார்கள். ஒருத்தன் கொத்துச் செடி ஒன்றைக் காட்டி, “இது என்ன அகாய்?” என்றான். எசென்குல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். “புல் வகை” என்றார்.

“விஷச் செடி அகாய் அது,” என்றாள் ஐசிரெக். “போன வருஷம் எங்க ஆடு நாலு இதைத் தின்னுதான் செத்துச்சு.”

அவள் எழுதிய ஒரு பக்கத்தை அவள் அப்பா குதிரை மேலிருந்தபடியே படித்தார். தேதியில் மகளோடு சண்டை போட்டார். கடைசியில் மந்தையைக் கீழ்ச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அன்று மாலை வேனில் திரும்பும்போது எசென்குல் பதினோரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒருதடவை, “ஓ” என்றார். பதினெட்டு வருடத்தில் அவரிடம் நான் கண்ட ஒரே படிப்பு அதுதான்.

ஜூனில் ஓய்வு பெற்றார். கல்லூரி விருந்து வைத்து, எங்கள் வழக்கப்படி அவருக்கு வெல்வெட் அங்கி போர்த்தி, வெள்ளைத் தொப்பி அணிவித்தது. முதல்வர், “புதிய பயிற்சி முறையின் முன்னோடி” என்றார். எசென்குல் கண் கலங்கி எழுந்தார்.

“பிள்ளைங்களுக்கு என்ன செய்யணும், எதுக்குச் செய்யணும்னு தெளிவாச் சொல்லித்தான் வேலை குடுக்கணும். இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றேன்.”

மனமாரத்தான் சொன்னார். குல்சுனாய் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.