அருள்பாண்டிக்கு ஒரு டிஜே செட்

சிலமலை அருள்பாண்டிக்கு லீவு கிடைக்க வேண்டுமென்றால் கேரளாவில் கடையடைப்பு நடக்க வேண்டும். அன்றைக்குத்தான் போடிமெட்டுக்கு மேலே ஜீப்பு போகாது. மற்ற நாளெல்லாம் இருட்டோடு எழுந்து, சிலமலையில் பாதி, ராசிங்காபுரத்தில் மீதி என்று பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் காய் பறித்து முடிக்கும்வரை ஜீப்புக்குள்ளேயே முடங்கிக் கிடந்து, சாயங்காலம் திரும்பவும் அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். மீசை முளைத்த வயதில் பிடித்த ஸ்டியரிங். இப்போது நாற்பதைத் தொடப் போகிறான். இடுப்பும் கழுத்தும் முறை வைத்துக்கொண்டு வலிக்கின்றன. முன்பெல்லாம் அலுப்பு சாயங்காலம் வந்து காலையில் போய்விடும். இப்போது அது போவதே இல்லை.

இந்த ஆள்தான் டிஜே ஆகப் போகிறேன் என்றான். நீங்கள் சிரிக்க வேண்டாம். சிரிப்பதற்கு அவன் ஊரிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆசை மலையில்தான் பிடித்தது. ஒருநாள் பெண்களை ஊரில் கொண்டுவந்து விட்ட பிறகு, சூரியநெல்லிப் பக்கம் ஒரு கூடார விடுதிக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை லோடு ஏற்றிப் போனான். இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம்; வரவில்லை. ராத்திரி ஆட்டம் தொடங்கியது. மேஜைக்குப் பின்னால் ஒருவன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அழுத்திக்கொண்டு, மற்றக் காதைத் திறந்துவிட்டு நின்றான். திறந்த காதில் கூட்டம் ஆடுகிற பாட்டு. மூடிய காதில் அடுத்து வரப்போகிற பாட்டு, அது கூட்டத்துக்கு இன்னும் கேட்காது. இரண்டின் தாளத்தையும் சேர்த்துப் பிடித்து, ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றினான். பாட்டு மாறியதே யாருக்கும் தெரியவில்லை. அருள்பாண்டிக்குத் தெரிந்தது. லோடு வண்டியை ஏற்றத்தில் குலுங்காமல் கியர் மாற்றத் தெரிந்தவனுக்கு இது விளங்காமல் போகுமா? அன்றைக்கே விழுந்துவிட்டான். அதற்குப் பிறகு ஜீப்பில் சினிமாப் பாட்டு குறைந்து, வார்த்தையே இல்லாத டம் டம் பாட்டுகள் ஓடின. பெண்கள் திட்டினார்கள். அவன் கேட்டால்தானே.

ராசிங்காபுரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் மகாராஜன் அவனுக்கு மச்சான் முறை. அவன் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"இப்பல்லாம் கல்யாண வீட்டுல டிஜே இல்லாம ஒருத்தனும் புக் பண்ண மாட்டேங்குறான் மாப்ளே. ஸ்பீக்கரு, லைட்டு எல்லாம் ஏங்கிட்ட கெடக்கு. மிக்ஸிங் மெசின மட்டும் நீ கொண்டா. மெசினோட வந்தேன்னா ஒன்னையவே நிரந்தரமா நிப்பாட்டிக்கிறேன்."

நிரந்தரமா என்ற சொல் அருள்பாண்டியின் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை விட்டு இறங்குவதற்கு வேறு வழி ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. படித்ததும் இல்லை, காடுகரையும் இல்லை. இதை விட்டால் இடுப்பு ஒடிகிறவரை இந்த வளைவுகள்தான்.

மனைவி சிவரஞ்சனி யோசித்துவிட்டுச் சரி என்றாள். "ஆனா ஒரு தடவதான். நின்னு நிதானமாப் பாத்து வாங்குங்க. பெறகு அது நொட்ட, இது நொள்ளன்னு வந்து நிக்கக்கூடாது."

அப்படியொரு கடையடைப்பு நாளில் மதுரைக்குப் பஸ் ஏறினான். அலைந்து விசாரித்து, மாடியில் இருந்த ஒரு கடைக்குள் நுழைந்தபோது குளிர்ந்த காற்றில் அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. விற்பனைக்கு நின்ற பிரபு பொறுமைசாலி. லேப்டாப் இருக்கா, இல்லையா, எங்கே வாசிக்கப் போறீங்க என்றெல்லாம் கேட்டு, மேஜைமேல் வரிசையாக மெசின்களைக் காட்டினான். கையகலத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்று. அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, அலங்காரம் ஒன்றும் இல்லாமல், போனில் சொருகினாலே ஓடுகிற ஒன்று. கடைசியில் மாப்பிள்ளை மாதிரி ஒரு பெரிய மெசின். நான்கு பாட்டை ஒரே நேரத்தில் ஏற்றலாமாம், தொட்ட இடமெல்லாம் விளக்கு எரிந்தது.

அருள்பாண்டியின் கண் பெரியதில் போய் ஒட்டிக்கொண்டது. பழைய ஜீப்பு பார்க்கப் போகிறவன் மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கினான், வட்டத் தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தான், தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்தான். துரு இருக்கிறதா என்று கேட்காததுதான் பாக்கி.

"ரெண்டு பாட்டு போட்டிருக்கேன். சேத்துப் பாருங்கண்ணே" என்று பிரபு ஹெட்போனை நீட்டினான். "வலது காதுல மட்டும் வச்சுக்கங்க. அடுத்த பாட்டு அதுல வரும். இடது காது ரூமுக்கு இருக்கட்டும்."

வைத்தான். இடது காதில் கடையின் ஸ்பீக்கர் அதிர்ந்தது. வலது காதில் எங்கோ அடுத்த ஊர்த் திருவிழா மாதிரி ஏதோ முனகியது.

"ஹெட்போன் கம்ப்ளெய்ண்டு" என்றான்.

பிரபு வேறொன்று கொடுத்தான். அதுவும் கம்ப்ளெய்ண்டு. இன்னொன்றைப் பெட்டி பிரித்துக் கொடுத்தான். அதுவும் அப்படித்தான். ஜீப்பு ஓட்டுகிறவனின் புத்தி அது: வண்டி மக்கர் செய்தால் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பது. அடுத்து மெசினையே மாற்றச் சொன்னான். "இம்புட்டுப் பெரிய கடைய வச்சிக்கிட்டு ஒரு நல்ல ஹெட்போன் இல்லையா?" என்று குரலை உயர்த்தவும் செய்தான்.

பிரபு அந்த ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அண்ணே, அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்களேன்" என்றான்.

வலதை இடதாக மாற்றி மாட்டினான். முனகிய பாட்டு இடது காதில் இடிமாதிரி வந்து விழுந்தது. கழற்றினான். மறுபடி மாட்டினான். ஹெட்போன் மாறியது, மெசின் மாறியது. மாறாமல் இருந்தது அவன் காது ஒன்றுதான்.

ஜீப்பின் வலது கதவு ஸ்பீக்கரில் சத்தம் குறைந்துவிட்டதென்று போடியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஈஸ்வரனிடம் கொடுத்து இரண்டு முறை மாற்றியிருந்தான். "ஸ்பீக்கர் நல்லாத்தானப்பா இருக்கு" என்று சொன்ன பாவத்துக்கு ஈஸ்வரனோடு சண்டை போட்டு, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அதெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தது. இத்தனை வருசம் கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜின் சத்தத்தையும் மலைக்காற்றையும் ஏர்ஹாரனையும் வாங்கி வாங்கி அந்தக் காது எப்போது ஓய்ந்ததென்று அவனுக்கே தெரியாது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பயமாக இருந்தது. பாட்டு போச்சே என்றுகூட முதலில் தோன்றவில்லை, வளைவுகள்தான் தோன்றின. மேலே பனிமூட்டத்தை மஞ்சு என்பார்கள். மஞ்சு இறங்கிவிட்டால் கண்ணால் வண்டி ஓட்ட முடியாது. தலையை வெளியே நீட்டி, மேலிருந்து இறங்குகிற பஸ்சின் ஹாரன் எவ்வளவு தூரத்தில், எந்த வளைவில் என்று காதால் அளந்துதான் திருப்ப வேண்டும். அவன் நீட்டியதெல்லாம் இந்த வலது காதைத்தான்.

பிரபு தண்ணீர் கொடுத்தான். "டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணே" என்றவன், "அதுக்காக மிக்ஸ் பண்ண முடியாதுன்னு இல்ல" என்றான். நடுவில் இருந்த அலங்காரம் இல்லாத மெசினை இழுத்து, அதிலிருந்த ஒரு சின்னக் குமிழைக் காட்டினான். "இத நடுவுல திருப்பி வச்சா ரெண்டு பாட்டும் ஒரே காதுக்கே வந்துரும். அந்தக் குட்டி மெசின்ல இது கெடையாது. ஒங்களுக்கு நாலு பாட்டு வேணாம்ணே, விளக்கும் வேணாம். இந்தக் குமிழுதான் வேணும்."

இடது காதில் வைத்தான். இரண்டு பாட்டும் உள்ளே வந்து மோதிக்கொண்டன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். முன்னும் பின்னும் தடுமாறிய தாளம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டது. அப்படியே ஒரு பாட்டிலிருந்து மற்றதுக்கு மாற்றினான். கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மாறியது அவர்களுக்குத் தெரியவில்லை. சந்தோசத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அந்த மெசினையே வாங்கினான். உசிலம்பட்டி தாண்டும்வரை பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பெருமையாகத்தான் இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எங்கிருந்தோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. பக்கத்துச் சீட்டுக்காரன் திரும்பிய திசை வேறு, இவன் திரும்பிய திசை வேறு. பாட்டுக்கு ஒரு குமிழ் இருக்கிறது, மலைக்கு எங்கே இருக்கிறது? ஜீப்பு நிறைய அடுத்தவர் வீட்டுப் பெண்கள்.

சிவரஞ்சனி பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றான். காதைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முந்தலில், மலை தொடங்குகிற இடத்தில், ஜீப்பை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தான். இறங்கிப் பின்பக்கம் போனான். சாப்பாட்டுத் தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்த பெண்கள் முழித்துப் பார்த்தார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற ஜக்கம்மாள்தான், "என்னப்பு, பஞ்சரா?" என்றாள்.

"இல்லக்கா. எனக்கு வலது காது கேக்கல. நேத்துதான் தெரிஞ்சுச்சு. மஞ்சுக்குள்ள ஒங்கள வச்சு ஓட்ட எனக்குப் பயமா இருக்கு. வேற டிரைவரப் பாத்துக்கங்க."

யாரும் பதறவில்லை. அதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குப் போன காய் சீசன்லயே தெரியும் அப்பு" என்றாள் ஜக்கம்மாள். "மேல இருந்து பஸ்சுக்காரன் அடி அடின்னு அடிக்கிறான், நீ பாட்டுக்கு வளைவுல ஏத்துற. முன்சீட்டுல இருந்த நம்ம சோலை கத்துன கத்துலதான நிப்பாட்டுன."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவனுக்குக் கோபம் வந்தது.

"சொன்னா நீ எறங்கிருவ. மத்த ஜீப்பெல்லாம் ஆளு ரொம்பிப் போகுது. ரெண்டு நாளு போகலேன்னா தோட்டத்துல வேற ஆள எடுத்துருவாங்க. நாங்க எதுல ஏறிப் போறது?" அவள் குரலில் குற்றம் சாட்டுவதும் இல்லை, ஆறுதலும் இல்லை. "அதான் முன்சீட்டுல முறை வச்சு ஒக்காருறோம். முறைக்காரி தூங்கக்கூடாது. அவ காது கொடுத்துக்கிட்டே வரணும். அம்புட்டுத்தான்."

அருள்பாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நாள் முழுக்கச் சரிவில் குனிந்து காய் பறிக்கிறவர்கள். வீட்டில் கிடைக்காத தூக்கத்துக்கு அவர்களுக்கு இந்த ஜீப்பை விட்டால் வேறு இடமில்லை. அதிலும் தினம் ஒருத்தி அவனுக்காக முழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அலுப்பெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவனுக்குத் தலை நிமிரவில்லை.

"டாக்டரப் பாக்குறேன்" என்றான். "வேற டிரைவரும் நானே பாத்து விடுறேன்."

"பாரு. கெடைக்கிற வரைக்கும் நீதான் ஓட்டணும். வெரசா எடு, நேரமாச்சு."

ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு இடது பக்கம் சோலை. அன்றைக்கு அவள் முறை. கண் இரண்டும் சிவந்திருந்தன. கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். மூன்றாவது வளைவுக்கு முன்னால், "பஸ்சுண்ணே" என்றாள். அவன் நிறுத்தினான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மஞ்சுக்குள்ளிருந்து பஸ் வந்தது.