வெள்ளைக் கையுறையும் மான்கறி அப்பமும்

சர் ஆம்ப்ரோஸ் தர்க்கில் சட்டம் படித்ததே சாப்பிட்டுத்தான். இதில் கேலி எதுவும் இல்லை. லண்டனில் சட்டக் கழகத்தின் கூடத்தில் மூத்த வக்கீல்களோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உண்டவர்தான் வக்கீலாக முடியும். கம்பளி வியாபாரியின் மகனான ஆம்ப்ரோஸ் ஒரு விருந்தையும் தவறவிட்டதில்லை. அந்த ஊக்கமே அவரைச் செவ்வங்கி போட்ட நீதிபதியின் ஆசனம்வரை கொண்டுபோய் உட்கார வைத்தது.

உட்கார்ந்ததும் தூங்க ஆரம்பித்தார். "பிரபு ஆழ்ந்து யோசிக்கிறார்" என்று குமாஸ்தாக்கள் கிசுகிசுப்பார்கள். யோசனை சில சமயம் குறட்டையும் விடும்.

அந்தத் தூக்கத்தில்தான் தொல்லை. அவர் தூக்குக்கு அனுப்பியவர்கள் பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். ஏச மாட்டார்கள், சபிக்க மாட்டார்கள். அவருடைய வெறுங்கைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு பனிக்குள்ளேயே போய்விடுவார்கள்.

வெறுங்கை என்பதுதான் விஷயம். ஒரு மாவட்டத்து விசாரணை முழுவதும் யாருக்கும் மரண தண்டனை விழாமல் முடிந்தால், மாவட்ட அதிகாரியான ஷெரீப் நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை கொடுப்பது வழக்கம். மற்ற நீதிபதிகளின் மனைவிமார் அவற்றை லாவெண்டர் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். சர் ஆம்ப்ரோஸுக்கு ஒரு ஜோடிகூடக் கிடைத்ததில்லை. மாவட்டம் மாவட்டமாகப் போய் வழக்கு விசாரிப்பதில் இது அவருடைய கடைசிச் சுற்றுப்பயணம். கடைசி ஊர் ரட்லண்ட் மாவட்டத்தின் ஓக்கம்.

அங்கே மற்றக் குற்றவாளிகள் எல்லாரும் சாட்டையடியோடு தப்பிவிட்டார்கள். மிச்சம் ஆக்னஸ் பெக்கோவர் என்ற விதவை. பக்கத்துப் பண்ணையாருடைய குதிரையைத் திருடினாள் என்பது வழக்கு. குதிரைத் திருட்டுக்குக் கயிறு ஒன்றுதான்.

"நான் எங்க திருடினேன்? அதுவாத்தான் பின்னாலேயே வந்துச்சு பிரபு. போன்னு விரட்டினாலும் போக மாட்டேங்குது" என்றாள் ஆக்னஸ்.

ஜூரிகளில் பதினொரு பேர் விட்டுவிடலாம் என்றார்கள். சில்வனஸ் பாஸ்க் என்ற பருத்த சத்திரக்காரர் மட்டும் தூக்கு என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லும்வரை அவர்களுக்குச் சோறு தண்ணீர் கிடையாது, குளிர்காய நெருப்பும் கிடையாது. அதற்குள் நீதிபதி ஊரைவிட்டுக் கிளம்பினால், ஜூரிகளை வண்டியில் ஏற்றிப் பின்னாலேயே இழுத்துப்போய் மாவட்ட எல்லையில் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும். ஆக்னஸ் சிறைக்குத் திரும்பி அடுத்த நீதிபதிக்காகக் காத்திருக்க வேண்டும். வழக்கு முடியாததால் சர் ஆம்ப்ரோஸுக்குக் கையுறையும் கிடையாது. அடுத்து வரவிருந்தவர் ஒரு நாளும் தூங்காதவர். கயிறு கொடுப்பதில் கை தாராளம்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஷெரீப், பிறகு நீதிபதியின் கோச்சு, பின்னால் ஜூரி வண்டி, அதற்கும் பின்னால் சிறைக்காவலரோடு ஆக்னஸ். வழக்குச் சான்றான குதிரையை யாரும் கட்டவில்லை. அது அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நடந்தது.

ரட்லண்ட் சின்ன மாவட்டம். கோச்சில் ஒரு தூக்கம் போட்டால் தாண்டிவிடலாம். பனி இறங்கியிருந்தது. ஆடுகள் மேகங்களைப்போல் மேய்ந்தன, மேகங்கள் ஆடுகளைப்போல் நின்றன. சர் ஆம்ப்ரோஸின் இமைகள் தாழ்ந்தன. உடனே பனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை கடைசியில் ஓரிடம் காலியாக இருந்தது, ஒரு பெண் நிற்கும் அளவுக்கு. அதன் பக்கத்தில் ஒரு குதிரை.

திடுக்கிட்டு விழித்தார்.

"ஜெர்வாஸ், அந்த மான்கறி அப்பத்தைப் பிரி" என்றார் எதிரே இருந்த பணியாளரிடம்.

"இப்பவா பிரபு? ராத்திரிக்குன்னு சொன்னீங்களே?"

"இப்பத்தான். அந்த ஜன்னல் தோல்திரையையும் தூக்கிக் கட்டு. காத்து வரட்டும்."

மாவு ஓட்டுக்குள் மான்கறியை அடைத்துச் சுட்ட அப்பம் அது. ஓடு உடைந்ததும் ஆவி எழுந்து, ஜாதிக்காய் மணத்தோடு நிதானமாகப் பின்பக்கம் போயிற்று. ஜூரிகள் வாயில் எதுவும் படக்கூடாது என்கிறது சட்டம். மூக்கைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. சர் ஆம்ப்ரோஸ் விரலால் பிட்டுப் பிட்டு, கடமையாக உண்டார்.

மணம் ஜூரி வண்டியை எட்டியது. பிறகு ஒரு குரல்.

"யோவ் பாஸ்க்கு, உன் வயிறு போடுற சத்தத்துல வண்டி மாடே மிரளுது."

"என் மனசாட்சி உறுதியாத்தான்யா இருக்கு."

"மனசாட்சிய வேணா பட்டினி போடு. எங்கள ஏன்யா போடுற? எல்லைப் பாலம் வந்தாச்சு, பள்ளத்துல தண்ணி நிக்குது பாரு."

பாஸ்க் திரும்பிப் பார்த்தார், தண்ணீரை அல்ல. ஆக்னஸ் செருப்பில் சிக்கிய கல்லை எடுக்கக் குனிந்திருந்தாள். குதிரையும் நின்றது. அவள் நடந்தாள், அதுவும் நடந்தது.

"அட, அது உண்மையிலேயே தானாத்தான்யா போவுது!" என்று இப்போதுதான் கண் திறந்தவர்போல் கத்தினார். "இதை முன்னாடியே எவனாவது காட்டியிருக்கலாம்ல?"

எல்லைப் பாலத்தின்மேலேயே தீர்ப்பு ஆயிற்று: குற்றமற்றவள். ஆக்னஸ் தரையில் உட்கார்ந்து அழுதாள். குதிரை அவள் தொப்பியைத் தின்னப் பார்த்தது.

ஷெரீப் சேணப்பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து, மண்டியிட்டு நீட்டினார். சர் ஆம்ப்ரோஸ் அவசரமாக மாட்டிக்கொண்டார். கை துடைக்கத் தோன்றவில்லை. வலது கட்டைவிரலில் பழுப்பு நிறத்தில் எண்ணெய்க் கறை பூத்தது; பிறகு எந்தச் சலவைக்கும் அது போகவில்லை.

கோச்சு பாலத்தைத் தாண்டியதும் தூங்கிவிட்டார். பனியிலிருந்து அவர்கள் வந்தார்கள். கடைசியில் இருந்த காலியிடம் இப்போது இல்லவே இல்லை. முன்னால் நின்ற கிழட்டுத் திருடன் குனிந்து, கையுறையை முகர்ந்து பார்த்தான்.

"மான்கறியா பிரபு?" என்றான். "எங்க ஜூரி வண்டிக்கு முன்னாடியும் கொஞ்சம் தின்னிருக்கலாமே."

 சர் ஆம்ப்ரோஸ் கைகளை மடியில் மடித்து வைத்துக்கொண்டார், கட்டைவிரலை உள்ளே மறைத்து.