போனில் பழகிய கிளி

என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சிதம்பரத்தில் நான் தனியாக இருக்கும் வீட்டுக்குக் காக்டெயில் கிளி வந்தது அவருடைய ஆசையால்தான். காக்கட்டூ கிளிகளிலேயே சின்ன ஜாதி அது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், நினைத்தால் தூக்கிக்கொள்ளும் கொண்டை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் மாடியில் வளர்த்து விற்கிறார் என்று அங்கிருந்தபடியே விசாரித்துச் சொன்னார். நான் போய் வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் உள்ளேயிருந்து விசில். ஆலப்பாக்கம் தாண்டி, கண்டக்டர்தான் ஊதினார் என்று நினைத்து டிரைவர் ஒரு தடவை வண்டியையே நிறுத்திவிட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பழக்கும் பொறுப்பையும் குவைத்தில் இருந்தபடியே மச்சானே எடுத்துக்கொண்டார். மத்தியானம் இரண்டரைக்கு, அவருடைய சாப்பாட்டு நேரத்தில், வீடியோ கால் வரும். போனைச் சொம்பில் சாய்த்து மேஜையில் வைத்துக் கூண்டைத் திறந்துவிடுவேன். தெருமுனையில் வரும்போதே எனக்குக் கேட்கட்டும் என்று முன்பெல்லாம் அவர் அடிக்கும் விசில் ஒன்று உண்டு, மூன்று ஏற்றம் ஒரு இறக்கம். அதையே திரும்பத் திரும்ப அடிப்பார். சோறு ஆறிப்போகும், விடமாட்டார்.

இரண்டாம் மாதம் ஒருநாள் அது அப்படியே திருப்பி அடித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கே மச்சான் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டார். "அடிச்சிட்டான் புள்ள, அடிச்சிட்டான்" என்று கத்தியதில் அறைக்காரர்கள் அத்தனை பேரும் திரையில் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கால் வந்தாலே மேஜையில் தத்தித் தத்தி ஓடும். திரையில் தலையை முட்டிச் சொறியச் சொல்லும். அவரும் அந்தப் பக்கம் விரலால் சொறிவார். "ஊருக்குப் போயி எறங்குன நிமிஷம் என் தோள்ல வந்து குந்திக்கும் பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து லீவு கிடைத்தது. வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகக் கூண்டின் முன்னால் போய் விசிலடித்தார். கிளி கொண்டையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு உஸ்ஸென்று சீறியது. விரலை நீட்டினார், கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னத் தெரியலியா அதுக்கு?" என்றார்.

மூன்று நாள் முயற்சி செய்தார். அத்தர் வாசனைக்குப் பயப்படுகிறதோ என்று பூசுவதை விட்டார். பழைய கைலியைத் தேடிக் கட்டினார். தினைக் கதிரை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் குத்தவைத்திருந்தார். அவர் விசிலடித்தால் கிளி பதில் சொல்லும், ஆனால் மேஜையில் கிடக்கும் என் போனைப் பார்த்துச் சொல்லும். ஆறடி மனுஷர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. நன்றி கெட்ட கிளி என்று ஆத்திரமாக வந்தது.

நாலாம் நாள் இரண்டரை மணிக்குத்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

"மச்சான், ரூமுக்குள்ள போயி எனக்கு வீடியோ கால் பண்ணுங்க."

"வூட்ல இருந்துக்கிட்டே எதுக்குப் புள்ள?"

"பண்ணுங்கன்னா பண்ணுங்க."

போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் அடித்தது. எப்போதும்போல மேஜையில் சொம்பில் சாய்த்து வைத்துக் கூண்டைத் திறந்துவிட்டேன். திரையில் அவர் முகம், பின்னால் எங்கள் வீட்டு பீரோ. விசிலடித்தார். கிளி ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கொண்டையைத் தூக்கிப் பதில் அடித்தது. நான் போன் பக்கம் குனிந்தேன்.

"கால கட் பண்ணாம, பேசிக்கிட்டே மெதுவா வெளிய வாங்க."

கதவு திறந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஓரோர் அடியாக எடுத்துவைத்து வந்தார். வாய் மட்டும் ஓயாமல் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. நான் என் போனின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் குரல் அவரிடமிருந்து மட்டும்தான் வந்தது. கிளி திரையைப் பார்த்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மறுபடி திரை, மறுபடி அவர். அவர் இடது கையை மேஜைமேல் வைத்தார். அது கிட்டே வந்து விரலை அலகால் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஒரு கால் விரல்மேல் இருந்தது. பிறகு இன்னொரு கால். சட்டையைக் கவ்விக் கவ்வித் தோளுக்கு ஏறி, காதுக்குள்ளேயே விசிலடித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மச்சான் அசையவே இல்லை. வலது கையில் போன் இன்னும் முகத்துக்கு நேராக இருந்தது.

"புள்ள," என்றார் மெல்ல, "இப்ப கால கட் பண்ணிடவா?"

"பண்ணுங்க மச்சான்."

கட் பண்ணினார். கிளி தோளிலேயே இருந்தது.