கம்மல் அரிக்குமா என்று கேட்ட டாக்டர்

"...கவரிங்குன்ற பேச்சே எங்க வூட்ல கெடையாது சார். இவ ஒடம்புல பட்டது எல்லாம் தங்கம்தான். அரிப்பு கிரிப்பு ஒண்ணும் கெடையாது, நீங்க எழுதிக்குங்க" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா.

மாமா என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். பக்கத்து நாற்காலியில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா அவருடைய மனைவி, எனக்கு ஓரகத்தி. முட்டி அக்காவுடையது. அறுக்கப்போவது அவள் காலை. கேள்வியையும் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மட்டும் மாமாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். அக்காவுக்குப் பசிக்கிறதா என்று விருந்தாளி கேட்டால், இல்லை என்று மாமா சொல்லுவார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் பெருநகர் கிராமத்தில் அப்போதெல்லாம் முட்டி மாற்றுவது என்றால் தலையை மாற்றுவது மாதிரி. அக்காவின் கால்கள் இரண்டும் வில்லாக வளைந்து, நடந்தால் ஆடி ஆடித்தான் வருவாள். உத்திரமேரூர் பஸ்ஸில் படி ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கண்டக்டர் ஒருவன், "ஏறும்மா, பஸ்ஸு உனுக்காவ குனியாது" என்றானாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறவில்லை. மகளை உத்திரமேரூரில்தான் கொடுத்திருந்தது. நினைத்தால் பார்த்துவிட்டு வரும் தூரம். "எவனையும் கெஞ்சாம, நானே படியேறி எம்பொண்ணு வூட்டுக்குப் போவணும், அவ்ளோதான்" என்பாள். அவளுடைய ஆசை மொத்தமும் அந்த ஒரு படிக்கட்டு உயரம்தான்.

அதற்கு ஊரில் எத்தனை அறிவாளிகள் முளைத்தார்கள் என்கிறீர்கள். காலுக்குள் இரும்பு வைத்தால் மழைக்காலத்தில் இடி தேடி வரும் என்றார் ஒருவர். அவர் வீட்டுக் கூரையே இரும்புத் தகடு, அதன் அடியில்தான் ஆண்டுக்கணக்கில் குறட்டை விடுகிறார். மோட்டார் போடப் போனால் கரண்டு இழுக்கும் என்றார் இன்னொருவர். ஜனங்கள் பேச்சென்றால் எனக்கு உயிர். சந்தைக்குப் போனால் காய் வாங்க மறந்து பேச்சை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். ஆனால் அடுத்தவள் வலியை வைத்துக்கொண்டு பல் குத்துகிற பேச்சைக் கேட்டால் எனக்குக் குமட்டும்.

மாமா இவர்கள் எல்லாருக்கும் தலைவர். வெல்டிங் பட்டறையில் போய் உட்கார்ந்து, வேர்வையும் ரத்தமும் பட்டால் எந்த இரும்பானாலும் துருப்பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அவருக்கு இருந்தது. சாப்பாட்டு வேளையில், அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். "நாளைக்கு இவள எடுத்துக்கினு போயி எரிச்சா, பால் தெளிக்கிற அன்னிக்கு எலும்பெல்லாம் சாம்பலாயி முட்டி மட்டும் பளபளன்னு கெடக்கும். கூட வந்தவன் இன்னா நெனப்பான்?"

உயிரோடு இருக்கிற பெண்டாட்டி பஸ் ஏற முடியாமல் நிற்கிறாள். இவருக்கு அவள் சாம்பலைப் பார்க்க வருகிறவனைப் பற்றிக் கவலை. அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப நான் பாக்க மாட்டேனே, நீங்க வெக்கப்பட்டுக்கினு நில்லுங்க" என்றாள். மாமா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

கடைசியில் சம்மதித்ததும் அக்காவுக்காக இல்லை. சம்பந்தி, அதாவது மகளுடைய மாமனார், தன் உறவில் ஒருவருக்கு முட்டி மாற்றின சென்னை ஆஸ்பத்திரியைச் சொல்லி, தானே கார் வைத்து அழைத்துப் போகிறேன் என்றார். சம்பந்தி வாயால் வந்தபிறகு வேண்டாம் என்றால் செலவுக்குப் பயப்படுகிறான் என்று ஆகிவிடும் இல்லையா? மறுநாளே மாமா வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

இங்கே கம்மல் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மகள் கல்யாணத்தில் அக்காவின் காது, கழுத்து, கை எல்லாவற்றிலும் இருந்ததைக் கழற்றி மகளுக்குப் போட்டாகிவிட்டது. பெற்றவள் போட்டாள், அதில் தப்பில்லை. தப்பு அதற்குப் பிறகு. பெண்ணுக்குச் செய்த பின்னும் வீட்டில் தங்கம் குறையவில்லை என்று சம்பந்தி வீட்டில் மாமா ஒரு பேச்சுப் பேசிவிட்டார். பேச்சைக் காப்பாற்ற அக்காவின் காது தேவைப்பட்டது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாயின் ஃபேன்சி கடைக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். தங்கம் மாதிரியே இருக்கிற கம்மல் ஒரு ஜோடி, சங்கிலி ஒன்று. பாய் நல்ல மனிதர். அக்கா முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "யார் கேட்டாலும் வளையல்தாம்மா குடுத்தேன்" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை, காது மடல் சிவந்து ஊறல் எடுத்தது. அப்புறம் நீர் கோத்து, வெடித்து, சீழ். கழுத்தில் சங்கிலி கிடந்த தடத்தில் கறுப்பாகச் சொறி. கம்மலின் பின்பக்கத்திலும் தண்டிலும் நிறமில்லாத நெயில் பாலீஷ் தடவி, காய வைத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கவரிங் போடுகிற பெண்களுக்கு அது தெரிந்த வைத்தியம். பாலீஷ் தேயும் வரைக்கும் காது பிழைக்கும். இது மாமாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள் என்று சொன்னதே அவர்தான்.

இப்போது டாக்டர் அறைக்கு வருகிறேன். சம்பந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மேசைமேல், முட்டிக்குள் வைக்கிற உலோகத் துண்டு ஒன்று காட்டுவதற்காக இருந்தது. வழவழவென்று, ஆற்றுக் கல்லைத் தேய்த்துப் பாதியாகப் பிளந்த மாதிரி. மாமா சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கின காந்தம். பட்டறைக்காரர் கொடுத்தனுப்பியிருக்கிறார், இரும்பா இல்லையா என்று கண்டுபிடிக்க. எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. டாக்டர் பொறுமைசாலி, ஒட்டிப் பாருங்கள் என்று நகர்த்தி வைத்தார். ஒட்டவில்லை. மாமா தானே வார்த்து எடுத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இது நீங்கள் நினைக்கிற இரும்பு இல்லை, கோபால்ட், குரோமியம் என்று வேறு உலோகங்கள் கலந்தது என்று டாக்டர் விளக்கினார். வீட்டு இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. இடியும் தேடி வராது. நடுவில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ஆண்டுகள் போகப் போகத் தேயும். கிருமி சேராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். இதெல்லாம் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார். இந்தக் கலவையில் நிக்கல் என்று ஒன்று துளி இருக்கும், கவரிங் நகையிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது, அதனால் கேட்கிறேன், கவரிங் கம்மல் போட்டால் உங்களுக்கு அரிக்குமா?

அப்போதுதான் மாமா அந்தப் பதிலைச் சொன்னார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். காதில் துளி பட்டதற்கே சீழ் வைக்கிற உடம்பு. கால் எலும்போடு எலும்பாக அதை வைத்துத் தைத்துவிட்டால், கம்மலைக் கழற்றுவது மாதிரி ராத்திரி கழற்றி வைக்க முடியுமா? நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாடு வேலி தாண்டினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "அக்கா" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. முந்தானையை விலக்கிவிட்டு, வலது காதின் திருகாணியைத் திருக ஆரம்பித்தாள். புண்ணில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகி, கம்மலைக் கழற்றி, மேசைமேல் அந்த முட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது கவரிங்குதான் சார். போட்டா ஊறலெடுத்துப் புண்ணாவுது. நெயில் பாலீஷ் தடவிப் போட்டுக்கினு கீறேன். நீங்க உள்ள வெக்கப் போறதுக்கு இன்னாத்தத் தடவுவீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து விளக்கைத் திருப்பிக் காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். சொன்னது நல்லதாயிற்று என்றார். தோல் அரிக்கிறவர்கள் பல பேருக்கு உள்ளே வைத்தால் ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் தெரிந்தே எதற்கு வைக்க வேண்டும், முதுகில் மருந்து ஒட்டிப் பரீட்சை செய்து பார்ப்போம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிக்கல் இல்லாததாக வரவழைத்து வைக்கலாம், நாள்தான் கொஞ்சம் தள்ளிப்போகும் என்றார். இவ்வளவையும் அக்காவிடமே சொன்னார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தோளில் விழுந்தது. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். பெண்டாட்டியின் காதைத்தான் பார்க்கப் போகிறார் என்று ஒரு கணம் நானும் நினைத்துவிட்டேன். நேரே வாசல் பக்கம் போய், சம்பந்தி உட்கார்ந்திருந்த பெஞ்சை எட்டிப் பார்த்துவிட்டு, பாதி திறந்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.