விழாத குண்டுக்கு ஒரு வேண்டுதல்

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்தேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதுகிறேன், இல்லையா? மாமியார் பிரச்னையோ, மிக்ஸி ரிப்பேரோ, பிள்ளைகளின் பரீட்சையோ… எதற்கும் என் கைவசம் ஒரு கருத்து இருக்கும். இதற்கு இல்லை.

கேள்வி இதுதான்: "அணுகுண்டு ஆபத்து முடிஞ்சிடுச்சா, இல்லியா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா கல்யாணத்தை வச்சிக்கலாம் மேடம்."

சிரிக்காதீர்கள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற இன்ஷூரன்ஸ் ஆபீசில் எனக்கு அடுத்த சீட், செல்வி. மரக்காணத்துப் பெண். தினமும் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு வந்து போகிறவள். அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா உப்பளத்தில் உப்பு வாரிக் கூடையில் சுமந்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். செல்வியின் அண்ணன் குமார் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2002 கோடைக்கு.

எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்ற அந்த மாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் கொஞ்ச வருஷம் முன்புதான் கார்கிலில் ஒரு யுத்தம் நடந்து முடிந்திருந்தது. இரண்டு பேருமே அணுகுண்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட சண்டை. மறுபடியும் அதே ஆட்கள், அதே குண்டு, இன்னும் அதிகக் கோபம். பேப்பரில் மேப் போட்டு வட்டம் வட்டமாக வரைந்திருந்தார்கள், எந்த ஊரில் விழுந்தால் எதுவரை எரியும் என்று. நாம் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தோம். என் கணவர் ஸ்கேலை எடுத்து வைத்து அளந்து, "பாண்டிச்சேரிக்கு வராது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

செல்வி மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டாள். குமார் அப்போது ராஜஸ்தான் மணலில் எங்கேயோ இருந்தார். எங்கே என்று வீட்டுக்குத் தெரியாது. எப்போதாவது போன் வரும், பேசி முடிப்பதற்குள் கட் ஆகிவிடும்.

ஒருநாள் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் ஒருவர் பாலிசி விஷயமாக ஆபீசுக்கு வந்தார். ஒரே புலம்பல்.

"இருந்த ரூமெல்லாம் காலி மேடம். வெள்ளைக்காரங்களை அவங்க எம்பசியிலேர்ந்து கெளம்பு கெளம்புன்றாங்களாம். இங்க குண்டு விழப்போவுதாம்."

செல்வி டைப் அடித்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. நாங்க எங்க ஊர்லதானே இருக்கோம்… நாங்க எங்க போறது?"

அவர் பாலிசியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போன செல்வியை அம்மா சமாதானப்படுத்தினாராம். "உங்க அண்ணன் லாரிதானே ஓட்றான். சண்டை வந்தாலும் பின்னாடிதானே இருப்பான். பயப்படாதடி." இவளுக்கு வந்ததே கோபம்.

"அம்மா, இது அந்த மாதிரி சண்டை இல்ல. தோத்துடுவோம்னு ஒருத்தன் பயந்துட்டான்னு வை, பெரிய குண்டை எடுத்துப் போட்டுடுவான். மத்தவன் சும்மா இருப்பானா? அவன் பதிலுக்கு ரெண்டு போடுவான். அப்புறம் இவன் நாலு. முன்னாடி நின்னவன் பின்னாடி நின்னவன்னு யாரும் மிச்சம் இருக்க மாட்டான்."

கன்னியம்மா எழுந்தார். நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனார்.

"ஆத்தா, எந்தப் பக்கத்துலயும் எவனும் அந்தக் குண்டைப் போடக் கூடாது. நீதான் பாத்துக்கணும். என் புள்ள எடைக்கு எடை உப்பு கொட்றேன்."

அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் போதும். உப்பளத்து ஜனங்களுக்குப் பொட்டலம் செல்லாது. தன் கையால் பாத்தியில் வாரின உப்பாக இருக்க வேண்டும். அதையும் தாராளமாகக் கொட்ட வேண்டும். ஊர் முழுக்க உப்பு குவிந்து கிடக்கிற இடத்தில் ஒரு பிடி போட்டால் ஆத்தா திரும்பிப் பார்ப்பாளா?

இதுவரை எல்லாம் சரி. தப்பு எங்கே நடந்தது தெரியுமா?

ஊரில் எந்தத் தாயும் எப்படி வேண்டுவாள்? "என் புள்ள நல்லபடியா வந்து சேரணும்." மகன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேண்டுதல் முடிந்தது. உப்பைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கன்னியம்மாவோ, மகள் சொன்னதைக் கேட்ட பதற்றத்தில், குண்டு விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டுவிட்டார். விழாத குண்டு எந்தத் தேதியில் விழாமல் முடியும்?

அந்த வருஷக் கடைசியில் படைகளைத் திரும்பப் பெற்றார்கள். குமார் லீவில் வந்தார். சப்பாத்தி தின்று ஒரு சுற்று பெருத்தே வந்தார். கன்னியம்மா உப்பு கொட்டவில்லை. கேட்டவர்களிடம், "இன்னைக்கு விழல. நாளைக்கு?" என்றார். அடுத்த வருஷமும் அதே பதில். அதற்கு அடுத்த வருஷமும்.

இப்போது குமாருக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. இரும்பை கிராமத்துப் பக்கம் பெண். பெண்ணின் அப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், பெண்ணுக்கும் குமாரைப் பிடித்துவிட்டது. எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் போட்டுவிட்டார்: மாப்பிள்ளை பேரில் ஒரு வேண்டுதல் பாக்கி நிற்கிறது. பாக்கி வேண்டுதலோடு இந்தப் பக்கத்தில் தாலி கட்ட மாட்டார்கள்.

"சாமி காரியத்தை முடிங்க, மறுநாளே தட்டு மாத்திக்கலாம்" என்றார் அவர். கன்னியம்மா மாட்டேன் என்றார். குமாருக்கு லீவு முடியப் போகிறது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன ஆள். நிச்சயம் ஆகாமல் லீவு முடிந்துபோனால், இந்தப் பெண்ணை அடுத்த லீவு வரை காத்திருக்க வீட்டில் விடுவார்களா?

"நீங்க வந்து அம்மாகிட்ட பேசுங்க மேடம். பேப்பர்ல எழுதறவங்கன்னா கேப்பாங்க" என்றாள் செல்வி. நானும் பெருமையாகக் கிளம்பிப் போனேன்.

கோயில் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு, பெண் உட்பட இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே உப்பளம், கண் கூசுகிற வெள்ளை. போன டிசம்பரில் கடல் உள்ளே வந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. அதைத் தட்டி, மிதித்து, மறுபடி பாத்தி கட்டி, இந்தக் கோடைக்கு உப்பு எடுத்துவிட்டார்கள்.

பூசாரி முதலிலேயே கையை விரித்துவிட்டார். "புள்ள வரம், கோர்ட்டு கேஸு, வயித்து வலி… எல்லா வேண்டுதலுக்கும் ஒரு முடிவு இருக்குதும்மா. இதுக்கு இன்னா முடிவுன்னு எனக்கே தெரியல."

அப்போதுதான் பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் என்ன சொல்ல? பேச்சுவார்த்தை நடக்கிறது என்றேன். எல்லையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு பஸ்ஸே விட்டிருக்கிறார்கள் என்றேன். எனக்கே என் குரல் ரேடியோ செய்தி மாதிரி கேட்டது.

கன்னியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ஸு விட்டது நல்லதுதாம்மா. குண்டை எடுத்துட்டாங்களா?" என்றார்.

"இல்லை."

"ரெண்டு பேருமா வச்சிருக்காங்க?"

"ஆமாம்."

"அப்புறம் இன்னா முடிஞ்சிச்சு? இந்தா இருக்குது பாரு கடலு. தெனம் பாக்கறோம். அதுவே சொல்லாம கொள்ளாம உள்ள வந்துச்சு. மனுசன் சொல்லிட்டா வருவான்?"

பெண்ணின் அப்பா, "அதுக்காக வேண்டுதலை எத்தினி நாளைக்கு நிறுத்தி வைக்கிறது?" என்றார்.

"நான் உப்பைக் கொட்டிட்டா ஆத்தா வேலை முடிஞ்சிச்சுன்னு போயிடுவா. பாக்கி இருந்தாத்தான் அவளுக்கும் கண்ணு இந்தப் பக்கம் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. பெரிய பெரிய நாடுகளின் பெரிய பெரிய மனிதர்கள் டி.வி.யில் உட்கார்ந்து இதையேதானே சொல்கிறார்கள்? போடாமல் இருப்பதற்காகத்தான் குண்டை வைத்திருக்கிறோம் என்கிறார்கள். அவர்கள் கணக்கு ஒருநாள் தப்பினால் ஊர் சாம்பலாகும். கன்னியம்மாவின் கணக்கு தப்பினால் ஒரு கல்யாணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லலாம். ஆனால் கல்யாணம் தள்ளிப்போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

குமார் சேரை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நான் அங்க இருந்தேன் இல்ல? ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த ஜூன் மாசம் ஒருநாள் காலையில லோடு ஏத்தி, டீசல் ரொப்பி, வண்டியெல்லாம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாங்க. வரிசையா நிக்கறோம். சொன்னா கெளம்பணும். எங்க போறோம்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசல. வெயில் ஏறிச்சு. இன்ஜின் ஓடிக்கினே இருக்குது. மத்தியானம் ஒருத்தர் வந்து ஆஃப் பண்ணுங்கன்னாரு. ஆஃப் பண்ணோம். சாப்பாட்டுக்குப் போனோம். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல."

கன்னியம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல யாரோ ஒருத்தரு வேணாம்னு சொல்லியிருக்காரும்மா. அந்தப் பக்கத்துலயும் ஒருத்தரு வேணாம்னு சொல்லியிருப்பாரு. அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. சண்டை போட்டவனுக்கு மெடல் குடுக்கறாங்க. வேணாம்னு சொன்னவனுக்கு யாரு இன்னா குடுத்தாங்க? நீ நாளைக்குன்னு பாக்காத. அன்னைக்கு நிறுத்தினாங்களே, அவங்க பேரைச் சொல்லிக் கொட்டிடு."

"பேருதான் தெரியாதுன்றியேடா?"

"ஆத்தாவுக்குத் தெரியும்."

"அன்னைக்கு ஆஃப் பண்ணச் சொல்லலன்னா?" என்று மெதுவாகக் கேட்டார் கன்னியம்மா.

"நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

"ஏன்டா இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். செல்வி அழுதாள். பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்? எனக்கும்தான்.

அந்த ஜூன் மாதம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். மாங்காய் ஊறுகாய் போட்டேன். பையனுக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்தேன். ஃபிரிட்ஜ் வாங்குவதா வேண்டாமா என்று கணவரோடு நாள்கணக்கில் சண்டை போட்டேன். அந்தச் சண்டையைக்கூட நிம்மதியாகப் போட முடிந்ததே! எங்கேயோ ஒரு மேஜையில், பல்லைக் கடித்துக்கொண்டு, கோழை என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னதால் கிடைத்த நிம்மதி அது. ஜெயித்த யுத்தத்துக்குப் பட்டாசு வெடிக்கிறோம். நடக்காத யுத்தத்துக்கு நன்றி சொல்ல ஒரு நாளாவது ஒதுக்கியிருக்கிறோமா?

எனக்கு முன்பின் தெரியாத, இனி தெரியப் போவதும் இல்லாத அந்த ஆட்களுக்கு — இந்தப் பக்கத்து மனிதருக்கும் அந்தப் பக்கத்து மனிதருக்கும் — அன்றைக்கு அந்த வெயிலில் நின்று மனசார நன்றி சொன்னேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கன்னியம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "எழுந்திருடா. தராசுல ஏறு."

உப்பு மூட்டை நிறுக்கிற தராசு வந்தது. ஒரு பக்கம் குமார், மறுபக்கம் கன்னியம்மா தன் கையால் வாரின உப்பு. கூடைக்கு மேல் கூடை வைத்தும் உப்புத் தட்டு இறங்கவில்லை. "மாப்பிள்ளை கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்காரு" என்றார் பெண்ணின் அப்பா. அப்போது சிரித்த சிரிப்பில்தான் எல்லோருக்கும் மூச்சே வந்தது. பூசாரி மணி அடிக்க, அம்மன் சன்னிதிக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டியது. நானும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். காய் நறுக்கும்போது விரலில் பட்டிருந்த வெட்டு சுரீரென்று எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் ஆவணியில், குமாருக்கு அடுத்த லீவு கிடைத்ததும்.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம். கன்னியம்மா குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பூசாரி பார்த்துவிட்டார்.

"இன்னா கன்னியம்மா, சாமிக்குக் கொட்டினதை எடுக்கற? எடை குறையாதா?"

"குறையட்டும் பூசாரி. அவங்க ரெண்டு பேரும் குண்டை இன்னும் கையிலதானே வச்சிருக்காங்க? நானும் ஒரு கைப்பிடி வச்சிக்கிறேன்."

மறுபடியும் பாக்கியா? எல்லோரும் பெண்ணின் அப்பாவைப் பார்த்தோம். அவர் மகளையும் குமாரையும் ஒருமுறை பார்த்தார்.

"வச்சிக்கங்க சம்பந்தி. இனிமே அது என் பொண்ணுக்கும் சேர்த்துத்தானே" என்றார்.

கோடி நன்றி கன்னியம்மா… தயவுசெய்து அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்!