நோட்டீசுப் புத்தகம்

போன மாதம் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளை வாசிக்க வைக்க வீட்டில் என்ன பழக்கம் வேண்டும், ஊரார் என்ன தொண்டு செய்யலாம் என்பதுதான் தலைப்பு. "பத்து நிமிஷம் போதும்மா. நல்லதா, சிரிக்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்க லா" என்றார் ஏற்பாடு செய்த தம்பி. நான் சொன்ன கதைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பாதியிலேயே அவர் நன்றி சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். அங்கே முடிக்காததை இங்கே எழுதுகிறேன். பேனாவை யாரும் பிடுங்க முடியாது.

மலாயாவில் வெள்ளைக்காரனுக்கும் காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசர காலத்தில் எனக்கு ஒன்பது வயது, என் தம்பிக்கு ஏழு. லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தம்பி வயிற்றில் இருந்தபோது ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன அப்பா திரும்பவே இல்லை. அம்மாதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தாள். அவளுக்குக் கைநாட்டுத்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடையிலிருந்து கருவாடோ பருப்போ சுற்றி வரும் காகிதத்தை அம்மா உதறி, நீவி, தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். "படிச்சிட்டுச் சாப்பிடு." அதில் இருப்பது பாதிச் செய்தியோ, பல்பொடி விளம்பரமோ, யாரோ செத்த அறிவிப்போ, படித்தால்தான் சோறு.

எழுத்தே தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்தேன். ஒரு நாள் பசியில் நாலு வரியை நானாக இட்டுக்கட்டிச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் அதே காகிதத்தை எடுத்து வைத்து, "படி" என்றாள். படித்தேன். "நேத்து வேற சொன்னியே" என்று தட்டை இழுத்துக்கொண்டாள். ஒரு முறை காதில் விழுந்தால் போதும், அவளுக்கு மறக்காது. நாங்கள் படித்த ஒவ்வொரு காகிதமும் அவள் தலைக்குள் வரி பிசகாமல் இருந்தது. எந்த வாத்தியாரும் எங்களை அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு முள்வேலி வந்தது. தள்ளித் தள்ளி இருந்த எங்கள் வரிசை வீடுகளை, லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் கம்பி போட்டு, கேட்டில் ஆள் நிறுத்தினார்கள். வெளியே வேலைக்குப் போகும்போது ஒரு கவளம் சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவோமாம்! எங்களுக்கே பற்றாத சோறு அது. அரிசி, பருப்பு எல்லாம் குறைந்தன. சாமான் குறைந்தால் அதைச் சுற்றிவரும் காகிதமும் குறையும் என்பது வேலி போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வீட்டில் முதலில் தீர்ந்தது காகிதம்தான்.

அந்த நாளில்தான் ஆகாயக் கப்பல் தாழப் பறந்து வந்து நோட்டீசு கொட்டியது. காட்டுக்குள் இருப்பவர்கள் சரணடைவதற்கான சீட்டு. நாலு பாஷையில் அச்சடித்திருப்பார்கள், அதில் ஒன்று தமிழ். பாதி காட்டில் விழும், மீதி எங்கள் ரப்பர் மரங்களுக்கிடையே விழும். அம்மா நாலைந்தைப் பொறுக்கித் தலைத்துணிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தாள். நல்ல காகிதம், பெரிய எழுத்து, கருவாட்டு நாற்றம் கிடையாது. அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மற்றப் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் பொறுக்கினார்கள். மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், கைக்குழந்தைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகையில் கூடுவார்கள். அங்கே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்து நாங்கள் உரக்கப் படிப்போம். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒருத்தி காகிதம் கொண்டுவந்தாள், ஒருத்தி சாக்குநூல் கொண்டுவந்தாள். மாவுக்கே பஞ்சமாக இருந்ததால் பசைக்குப் பதில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மிஞ்சிய ரப்பர் பாலைத் தடவி ஒட்டினார்கள். வெயிலில் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. அம்மா விபூதி தூவலாம் என்றாள். கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயா சர்ச்சுக்குப் போகிறவள், "என் பவுடர தூவு, மணமாவும் இருக்கும்" என்றாள். கடைசியில் இரண்டையும் தூவினார்கள்.

அட்டை கொடுத்தது யார் தெரியுமா? தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அங்கே மாட்டியிருந்த பழைய காலண்டர் அட்டையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீசுப் பள்ளிக்குப் போய்த் தமிழ் தெரியாமல் வளர்ந்த அவர் மகளும் எங்களோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள். ஒரு நாள் அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பரவால்லியே" என்று சொல்லிப் போனார். இது முக்கியம். மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

புத்தகம் வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். எங்கள் முறை வந்த வாரம், ஒரு காலையில் பட்டாளத்தான்கள் லயத்தைச் சோதனை போட்டார்கள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நாற்பது சரணடைவுச் சீட்டை, ரப்பர் பால் வீச்சத்தோடும் விபூதியோடும் பவுடரோடும் வெளியே எடுத்தார்கள். எல்லாரையும் திடலில் உட்கார வைத்து, அம்மாவை மட்டும் நிற்க வைத்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"காட்டுக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு, அவங்க தலைவன்தான் ஒன்னைய பொறுக்கச் சொன்னானான்னு தொரை கேக்குறாரு."

"புள்ளைங்க படிக்கறதுக்குத்தான் எடுத்தேன்யா" என்றாள் அம்மா. "வேணும்னா எம்மவளப் படிக்கச் சொல்லிப் பாருங்க. தண்ணியா படிப்பா."

என்னை எழுப்பினார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். நூறு தடவை படித்த பக்கம். எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, வாயில் வரவில்லை. துப்பாக்கி வைத்திருந்த ஒருவனின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தட்டுக்கு முன்னால் நான் திணறும்போது எடுத்துக்கொடுப்பாளே, அப்படி எடுத்துக்கொடுத்தாள். "இந்தச் சீட்டைக் கொண்டு வருபவரைச் சுடக் கூடாது... சொல்லு புள்ள." நான் சொல்லவில்லை. "அவருக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுக்கப்படும்... சொல்லு." அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அந்தப் பக்கம் முடிந்து, அடுத்த பக்கமும் ஒரு சொல் பிசகாமல் அவள் வாயிலிருந்து வந்தது.

இவளுக்குப் படிக்கத் தெரியுமா என்று அதிகாரி கேட்டான். "நோ சார், கைநாட்டு" என்றார் கிராணி. படிக்கத் தெரியாதவளுக்கு இது மனப்பாடமாகத் தெரிகிறதென்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான் அந்தப் புத்திசாலி. தன் பிள்ளைகள் பொய்யாகப் படிக்கக் கூடாது என்று ஒருத்தி நோட்டீசை மனப்பாடம் செய்வாள் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

ஆயா எழுந்து கத்தினாள். "நாங்க எல்லாருந்தான் பொறுக்கினோம்! கிராணிக்கே தெரியும்! அட்ட அவரு குடுத்தது!"

அதை மட்டும் கிராணி இங்கிலீசில் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தைப் பற்றித் தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்கு, தன் காலண்டர் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது சார்" என்றார். பக்கத்திலிருந்த, எங்களை வேலை வாங்கும் மண்டோர், "ஆமா தொரை, ஒன்னுந் தெரியாது லா" என்றான். வேலிக்கு ஓணான் சாட்சி. மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அவர்களுக்கும் பிள்ளை இருந்தது, பயம் இருந்தது, எல்லாம் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. வாய் திறக்காமல் நின்ற ஒன்பது வயதுக்காரி மேல்தான் எல்லாரையும் விட அதிகம்.

படிக்கத்தானே ஆகாயத்திலிருந்து கொட்டினான்? படித்தது நாங்கள்தானே?

அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். பதினோரு நாள் ஆயா எங்களுக்குச் சோறு போட்டாள். பன்னிரண்டாம் நாள் அம்மா திரும்பி வந்தாள். விசாரித்ததில் ஒன்றும் இல்லையாம். உள்ளே என்ன நடந்தது என்று சாகும்வரை அவள் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் வேலையில்லை என்று பேர் வெட்டிவிட்டார்கள். பானையையும் பாயையும் தூக்கிக்கொண்டு லிங்கிப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனோம்.

புது லயத்தில் முதல் நாள் கருவாடு ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி வந்தது. அம்மா அதை உதறி, நீவி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "படிச்சிட்டுச் சாப்பிடு." சட்டம் மாறவில்லை. எனக்கு உயிர் வந்தது. நான் படிக்க ஆரம்பித்ததும் அவள் அம்மிக்குப் போய் மிளகாய் அரைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அதே காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு மறுபடி அம்மிக்குப் போனாள். வேண்டுமென்றே நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். தட்டை இழுப்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி, சாப்பிடு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"அம்மா, நான் ஒரு வரி விட்டுட்டேன்."

"விட்டா நீயே படிச்சிக்க. என் காதுல எதுவும் விழ வேணாம்."

விட்ட வரியைச் சத்தமாகப் படித்தேன். அம்மா இன்னும் வேகமாக அரைத்தாள். எட்டிப் பார்த்தேன். அம்மியில் ஒன்றுமே இல்லை.